ஆயிரம் டிரைவர் இருந்தும் டிஸ்க் தெரியவில்லை: ஒரு ரிப்பேர் பென்டிரைவை மறுபடி கட்டியபோது

விண்டோஸ் ஏறாத ஒரு லேப்டாப். அதில் பேக்கப் எடுக்காத மூன்று வருட வேலை. என் கையில் 1,140 டிரைவர் (ஒவ்வொரு வன்பொருளையும் விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள்) அடைத்த ரிப்பேர் பென்டிரைவ். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் கழித்து வந்த கருப்புத் திரையில் டிஸ்க்குகளைக் காட்டும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து லிஸ்ட் டிஸ்க் அடித்தால் ஒரே ஒரு வரி வந்தது: டிஸ்க் 0, 28 ஜிபி. அது என் பென்டிரைவ். லேப்டாப்புக்குள் இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அந்த ஒரு வரியில் ஆரம்பித்து, பழைய பென்டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டி முடித்தது வரை நடந்ததை எழுதி வைக்கிறேன். டிரைவர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்று பல வருடம் நம்பியவன் நான். அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்பது இதே மாதிரி ரிப்பேர் பென்டிரைவ் வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும்.

வந்த மெஷின்

இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ (பிசிஐ வழியாக இணையும் வகை) எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்கிறது. அதற்கப்புறம் எப்போது ஆன் செய்தாலும் தானே பழுதுபார்க்கப் போவதாகச் சொல்லி, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றது. கொண்டுவந்தவர் கேட்டது ஒன்றுதான்: "விண்டோஸ் போனாலும் பரவாயில்ல சார், ஃபைல் மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

எஸ்எஸ்டி செத்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டியின் பெயர், கொள்ளளவு எல்லாம் ஒழுங்காக வருகிறது. பயாஸுக்குத் தெரிகிறது, என் பென்டிரைவிலிருந்து ஏறும் வின்பிஇக்குத் தெரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான்.

வின்பிஇ பற்றி இரண்டு வார்த்தை. விண்டோஸை நிறுவவும் பழுதுபார்க்கவும் மைக்ரோசாஃப்ட் தரும் குட்டி விண்டோஸ் அது. ஏடிகே என்ற தொகுப்போடு சேர்த்து எடுக்க வேண்டும், விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து தனி ஆட்-ஆனாக வருகிறது. பென்டிரைவில் பூட் டாட் விம் என்று ஒரு ஃபைல் இருக்கும். பூட் ஆகும்போது அது முழுசாக ரேமில் ஏறி, எக்ஸ் டிரைவ் என்ற பெயரில் நிற்கும். ரேமில் ஏறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த டிரைவர் வேண்டும் எது வேண்டாம் என்ற முடிவில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

என் பூட் டாட் விம் அப்போது 2.3 ஜிபி. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி வேகம் என்று வைத்தால் அது ரேமில் ஏறவே ஒன்றேகால் நிமிடம் ஆகும். அதையே டிவிடியில் எழுதி 8எக்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 11 எம்பியில் படித்தால் மூன்றரை நிமிடம். 2 ஜிபி ரேம் மட்டும் இருக்கும் பழைய மெஷினில் ஏறவே ஏறாது. ரேம்டிஸ்க் உருவாக்க நினைவகம் போதவில்லை என்று 0எக்ஸ்சி0000017 பிழையோடு நின்றுவிடும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தும் மெஷின் பழசு என்று ஒதுக்கிவிட்டேன்.

ஐடியைத் தேடிப் போனது

டிஸ்க் தெரியவில்லை என்றதும் கை பரபரத்தது. பழைய பழக்கத்தில் டிரைவர் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தால் அன்றைய ராத்திரி முழுக்கப் போயிருக்கும். அதற்கு முன் மெஷினையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. வின்பிஇயில் டிவைஸ் மேனேஜர் கிடையாது, ஆனால் விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், எனம், பிசிஐ என்ற கிளையை ரெக் கொயரி போட்டுப் படித்தால், அந்த மெஷினின் பிசிஐ பஸ்ஸில் (பாகங்களை பிராசஸரோடு இணைக்கும் பாதையில்) உட்கார்ந்திருக்கும் எல்லா டிவைஸும் வரிசையாக வரும், டிரைவர் ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும்.

வந்த பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: வென் 8086, டெவ் 9ஏ0பி. வென் என்பது தயாரிப்பாளர் எண். 8086 என்றால் இன்டெல், 1022 ஏஎம்டி, 10இசி ரியல்டெக். டெவ் என்பது அந்தத் தயாரிப்பாளரின் குறிப்பிட்ட சிப். இந்த 9ஏ0பி என்பது 11ஆம் தலைமுறை லேப்டாப்களில் வரும் விஎம்டி கன்ட்ரோலர், எஸ்எஸ்டிகளைத் தன் கீழ் வைத்து நிர்வகிக்கும் இன்டெல் பகுதி.

இன்னொரு விஷயமும் அந்தப் பட்டியலில் இருந்தது, உண்மையில் இல்லாமல் இருந்தது. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு பிசிஐ வகை எண் 0108. அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. 9ஏ0பிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் அதன் வகை 0104, அதாவது ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டும் முறை) கன்ட்ரோலர். விஎம்டி ஆனில் இருக்கும்போது எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. விஎம்டியின் டிரைவர் ஏறிய பிறகுதான் அது எஸ்எஸ்டியை வெளியே காட்டும். என்விஎம்இக்கு விண்டோஸ் 8.1 காலத்திலிருந்தே விண்டோஸுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது, ஆனால் பார்க்கவே முடியாத டிவைஸுக்கு அந்த டிரைவர் என்ன செய்யும்?

இங்கே பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணிட்டா டிஸ்க் வந்துடுமே?"

வரும், பெரும்பாலும் வரும். ஒற்றை எஸ்எஸ்டி மட்டும் இருந்து, ரெய்டு எதுவும் கட்டாமல் இருந்தால் டேட்டா அப்படியே தெரியும். ஆனால் அப்படி இருக்கிறதா என்று தெரியாமல் அந்த சுவிட்சைத் தொட எனக்கு மனமில்லை. இரண்டு டிஸ்க் சேர்த்து ரெய்டு கட்டிய மெஷினில் அதைச் செய்தால் இரண்டும் தனித்தனித் துண்டாகத் தெரியும், அந்த நேரத்தில் யாராவது இனிஷியலைஸ் என்ற பட்டனைத் தட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் விஎம்டியோடு நிறுவிய விண்டோஸ், ஆஃப் செய்த நிலையில் 0எக்ஸ்7பி என்ற நீலத்திரையோடு நிற்கக்கூடும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் பயாஸ் மாற்றத்தைப் பார்த்துவிட்டு ரெக்கவரி கீ கேட்கலாம். சில லேப்டாப் பயாஸில் அந்த ஆப்ஷனே கிடையாது. ஏற்கெனவே அடிபட்டு வந்திருக்கும் மெஷினின் அமைப்பை மாற்றாமல் வேலை முடியும் என்றால் அந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தம்பிக்கு அதைச் சொல்லிவிட்டு டிரைவரைத் தேடினேன்.

இருந்தது, ஆனால் இல்லை

இங்கேதான் எனக்குக் குழப்பம். என் பென்டிரைவில் இன்டெல் ஆர்எஸ்டி (இன்டெலின் ஸ்டோரேஜ் டிரைவர்) என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள் விஎம்டிக்கான ஐஎன்எஃப் ஃபைலும் (டிரைவர் எந்தெந்த ஐடிக்கு என்று சொல்லும் ஃபைல்) இருக்கிறது. நானே போட்டதுதான். அப்படியிருந்தும் ஏன் ஏறவில்லை?

வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி, எல்லா ஐஎன்எஃப் ஃபைல்களிலும் டெவ்_9ஏ0பி என்ற எழுத்துகளை ஃபைண்ட்ஸ்டர் வைத்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதை உடனே நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் ஐஎன்எஃப் ஃபைல்களில் நிறைய யுடிஎஃப்-16 முறையில் எழுதப்பட்டவை, ஃபைண்ட்ஸ்டர் அவற்றைப் படிக்காது, பிழை என்றும் சொல்லாது, சும்மா தாண்டிப் போய்விடும். பவர்ஷெல்லில் செலக்ட்-ஸ்ட்ரிங் போட்டுத் திரும்பத் தேடினேன். அதிலும் இல்லை.

கடைசியில் அந்த ஐஎன்எஃப்பை நோட்பேடில் திறந்து கண்ணால் பார்த்தேன். 467எஃப் இருக்கிறது, அது 12ஆம் தலைமுறை. ஏ77எஃப் இருக்கிறது, அது 13. அதற்குப் பிந்தைய 7டி0பியும் இருக்கிறது. 9ஏ0பி மட்டும் இல்லை. அது ஆர்எஸ்டியின் 20ஆம் வரிசைப் பதிப்பு. பக்கத்து ஃபோல்டரில் இருந்த பழைய பதிப்போ விஎம்டி வருவதற்கு முந்தைய சிப்களுக்கானது. ஆக முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது, நடுவில் ஒரு தலைமுறை மட்டும் ஓட்டை.

அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்று யோசித்தபோது காரணம் என்னிடமே இருந்தது. டிரைவர் தொகுப்பு வீங்கிக்கொண்டே போனதால், ஒரே பெயரில் இரண்டு ஐஎன்எஃப் இருந்தால் பழையதை நீக்கிப் புதியதை மட்டும் வைக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். 11ஆம் தலைமுறைக்கான ஃபைலும் 12க்கு மேற்பட்டவற்றுக்கான ஃபைலும் ஒரே பெயர். புதியது வந்ததும் ஸ்கிரிப்ட் பழையதைத் தூக்கிவிட்டது. புதிய பதிப்பு என்றால் பழைய மெஷினையும் சேர்த்துத் தாங்கும் என்று நான் எடுத்துக்கொண்டது தவறு. பல டிரைவர்கள் அப்படித் தாங்குகின்றன, ஸ்டோரேஜ் டிரைவரில் அதை நம்ப முடியாது.

சரி, அன்றைய வேலை. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் அதே மாடலுக்கான டிரைவரை எடுத்தேன். அது செட்டப் ஃபைலாக இருந்தது. வின்பிஇக்குச் செட்டப் ஃபைல் உதவாது, ஐஎன்எஃப், சிஸ் (டிரைவரின் நிரல்), கேட் (கையொப்பம்) என்ற மூன்று வகை ஃபைலும் தனித்தனியாக வேண்டும். செட்டப்ஆர்எஸ்டி என்ற அந்த ஃபைலையே எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்ற சுவிட்சோடு ஓடவிட்டால் உள்ளே இருப்பதைக் கொட்டிக் கொடுத்துவிடும். கொட்டியதில் முதலில் பார்த்தது 9ஏ0பி இருக்கிறதா என்பதை. இருந்தது. பென்டிரைவில் போட்டு, லேப்டாப்பில், ஓடிக்கொண்டிருக்கும் வின்பிஇயில் டிரைவரை ஏற்றும் டிஆர்விலோட் கமாண்டோடு அந்த ஐஎன்எஃப்பின் பாதையைக் கொடுத்தேன். ஓரிரு நொடியில் வெற்றிகரமாக ஏறியதாகச் சொன்னது. டிஸ்க்பார்ட்டில் ரீஸ்கேன், அப்புறம் லிஸ்ட் டிஸ்க்.

டிஸ்க் 1, 476 ஜிபி. 512 என்று விற்கப்படும் எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

டிரைவ் எழுத்து வந்தும் உள்ளே போக முடியவில்லை, பிட்லாக்கர். இதை டிரைவர் கோளாறு என்று நினைத்து மறுபடி டிரைவர் தேடப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர். டிஸ்க் இருந்து வால்யூம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பூட்டு. லேப்டாப்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க ரெக்கவரி கீ இருந்தது, அவர் ஃபோனில் ஆறு ஆறாகப் படிக்க, நான் அடிக்க, மேனேஜ்-பிடிஇ கமாண்ட் பூட்டைத் திறந்துவிட்டது. இது வேலை செய்ய வின்பிஇ கட்டும்போதே செக்யூர் ஸ்டார்ட்அப் என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்திருக்க வேண்டும், நல்லவேளை அது இருந்தது. ரோபோகாப்பி வைத்து ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் விண்டோஸைத் தொட்டேன்: டிஸ்ம் கமாண்டில் ரிவர்ட் பெண்டிங் ஆக்ஷன்ஸ் கொடுத்துப் பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்வாங்க வைத்ததும் மெஷின் ஒழுங்காக ஏறியது.

மறுபடி கட்டுவது

லேப்டாப்பை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை, இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிய பென்டிரைவைச் சோதிக்க இதைவிட நல்ல மெஷின் கிடைக்காது.

பழைய பூட் டாட் விம்மிலிருந்து டிரைவர்களை நீக்கிப் பார்ப்பதில் பொருளில்லை. உள்ளே நீக்கினாலும் விம் ஃபைலின் அளவு தானாகக் குறையாது, எக்ஸ்போர்ட் செய்தால்தான் குறையும், அதற்குமேல் எதை எப்போது போட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. ஏடிகேவிலிருந்து புது நகல் எடுத்து, ஒரு டிரைவரும் இல்லாத நிலையில் பூட் செய்து பார்த்தேன். இதை நான் அதற்கு முன் ஒருமுறைகூடச் செய்ததில்லை. கீபோர்ட் வேலை செய்தது, பென்டிரைவ் தெரிந்தது, வெளி யுஎஸ்பி டிஸ்க் தெரிந்தது, நெட்வொர்க்கூட ஒரு மெஷினில் வந்தது. நான் வருடக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி வின்பிஇயிலேயே இருந்திருக்கிறது. சாட்டா ஏஹெச்சிஐ, என்விஎம்இ, யுஎஸ்பி 3 எல்லாமே அதில் அடக்கம்.

அப்புறம் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு டிரைவர்களைப் பிரித்தேன். டிஆர்விலோட் இருக்கிறதே, பூட் ஆன பிறகும் டிரைவரை ஏற்ற முடியுமே, அப்படியென்றால் எந்த டிரைவர் விம்முக்கு உள்ளேயே இருந்தாக வேண்டும்? டிஆர்விலோட் என்று அடிக்கவே எது தேவையோ அது. அதாவது கீபோர்ட், அப்புறம் டிரைவர் ஃபோல்டர் இருக்கும் பென்டிரைவைப் படிக்க யுஎஸ்பி கன்ட்ரோலர். மற்ற எல்லாவற்றையும், ஸ்டோரேஜ் உட்பட, பென்டிரைவிலேயே விம்முக்குப் பக்கத்து ஃபோல்டரில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது ஏற்றலாம்.

யுஎஸ்பி விஷயம் சிலருக்கு வினோதமாகத் தெரியும். யுஎஸ்பியிலிருந்து பூட் ஆன ஒன்றுக்கு யுஎஸ்பி தெரியாமல் போகுமா? போகும். பூட் டாட் விம்மை ரேமுக்குக் கொண்டுவருவது பயாஸின் உதவியோடு நடக்கிறது. விண்டோஸ் கெர்னல் கையில் எடுத்த நொடியிலிருந்து பயாஸ் விலகிக்கொள்கிறது, அதன் பிறகு பென்டிரைவைப் பார்க்க விண்டோஸுக்கே டிரைவர் வேண்டும். விண்டோஸ் 7ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய ரிப்பேர் பென்டிரைவ்கள் 2015இல் வந்த இன்டெல் 6ஆம் தலைமுறை மெஷின்களில் பூட் ஆகி, பூட் ஆனதும் பென்டிரைவும் கீபோர்டும் காணாமல் போனது இதனால்தான். அந்தச் சிப்செட்டில் பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலர் இல்லை, விண்டோஸ் 7இல் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லை. இன்றைய வின்பிஇயில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது.

கீபோர்ட் தீரவில்லை. சோதனைக்குக் கிடைத்த மெல்லிய லேப்டாப் ஒன்றில் புதிய பென்டிரைவ் அழகாக ஏறியது, கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது, எதை அடித்தாலும் எழுத்து வரவில்லை. அந்த மெஷினில் கீபோர்டும் டச்பேடும் ஐ2சி என்ற உள் இணைப்பு வழியாக இணைந்தவை. இன்டெல் சீரியல் ஐஓ என்ற டிரைவர் இல்லாமல் இரண்டும் ஊமை. யுஎஸ்பி கீபோர்ட் செருகினால் வேலை நடக்கும்தான், ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு டைப்-சி போர்ட், அதில் பென்டிரைவ் உட்கார்ந்திருந்தது. சீரியல் ஐஓவின் ஐ2சி, ஜிபிஐஓ டிரைவர்கள் மிகச் சிறியவை. இரண்டு தலைமுறைக்கானவற்றை யோசிக்காமல் விம்முக்கு உள்ளேயே போட்டேன்.

ஸ்டோரேஜில் விஎம்டி டிரைவரையும் உள்ளேயே வைத்தேன். பக்கத்தில் வைத்திருக்கலாம், கணக்குப்படி அதுதான் சரி, ஆனால் என்னிடம் வரும் லேப்டாப்களில் அடிக்கடி தேவைப்படுவது இதுதான். எந்தப் பதிப்பு என்பதற்கு ஐஎன்எஃப்பைத் திறந்து ஐடி பார்த்துத்தான் முடிவெடுத்தேன். ஆர்எஸ்டி 19ஆம் வரிசைப் பதிப்பு ஒன்றில் 9ஏ0பி, 467எஃப், ஏ77எஃப் மூன்றும் இருந்தன. உள்ளே அது ஒன்று மட்டும். 20ஆம் வரிசை பக்கத்து ஃபோல்டரில். இரண்டையும் உள்ளே போடலாமே என்று கேட்கலாம். இரண்டுக்கும் சர்வீஸ் பெயரும் சிஸ் ஃபைலின் பெயரும் ஒன்றே. பூட் நேரத்தில் ஏறுகிற டிரைவரில் அப்படி இரண்டை ஒரே விம்மில் வைத்து எது ஜெயிக்கும் என்று பார்க்க நான் விரும்பவில்லை. ஒரே ஐடிக்கு இரண்டு டிரைவர் சமமாகப் பொருந்தினால் விண்டோஸ் தேதி புதிதாக இருப்பதைத்தான் எடுக்கும், எனக்கு நன்றாக வேலை செய்தது எது என்று அதற்குத் தெரியாது.

ஏஎம்டி ரெய்டு டிரைவர்கள் பக்கத்தில்தான். அவை மூன்று ஐஎன்எஃப்பாக வரும்: ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி. இதே வரிசையில் ஏற்ற வேண்டும். ஃபோல்டர் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டேன், நடு ராத்திரியில் வரிசை ஞாபகம் வைத்திருக்கும் அளவுக்கு யாருக்கும் மூளை வேலை செய்வதில்லை.

நெட்வொர்க்கில் கேபிள் மட்டும். ஏடிகேவிலிருந்து கட்டும் வின்பிஇயில் வைஃபை கிடையாது, டிரைவரைப் போட்டாலும் அதைத் தாங்கும் பகுதியே அதில் இல்லை. என் பழைய தொகுப்பில் வைஃபை டிரைவர்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தன, அத்தனையும் வீண். இன்டெல் ஐ219, ஐ225, ஐ226, ரியல்டெக் 8168, 8125, இவை பக்கத்து ஃபோல்டரில். லான் போர்ட்டே இல்லாத லேப்டாப்புக்காக யுஎஸ்பி லான் அடாப்டரின் ரியல்டெக் 8153 டிரைவரும் அங்கேயே. ஃபைலை வெளியே எடுக்க எனக்கு நெட்வொர்க்கைவிட யுஎஸ்பி டிஸ்க்தான் அதிகம் கைகொடுக்கிறது, அதனால் இவற்றில் ஒன்றைக்கூட உள்ளே வைக்கத் தோன்றவில்லை.

கிராஃபிக்ஸ், ஆடியோ, புளூடூத், கேமரா, பிரிண்டர், கைரேகை எல்லாம் வெளியே. ஒரு கிராஃபிக்ஸ் டிரைவரே ஒரு ஜிபியைத் தின்னும், வின்பிஇக்குக் கிடைக்கும் அடிப்படை டிஸ்பிளே டிரைவரே கமாண்ட் அடிக்கப் போதும். சிப்செட் டிரைவர் என்று வருவதில் பெரும்பகுதி டிவைஸுக்குப் பெயர் வைக்கும் வெறும் ஐஎன்எஃப், சிஸ் ஃபைலே இருக்காது, அதுவும் வெளியே.

கையொப்பம் இல்லாத டிரைவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிஸ்ம் கமாண்டில் ஃபோர்ஸ்அன்சைன்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் டிஸ்ம் முணுமுணுக்காமல் சேர்த்துக்கொள்ளும். சேர்வது வேறு, ஏறுவது வேறு. 64 பிட் வின்பிஇ அதைப் பூட் ஆகும்போது நிராகரிக்கும். அது பூட் டிரைவராக இருந்துவிட்டால் பென்டிரைவே 0எக்ஸ்சி0000428 பிழையோடு நிற்கும், அந்த ஒரு டிரைவருக்காக எந்த மெஷினிலும் ஏறாத பென்டிரைவ் கையில் இருக்கும்.

ஏற்றும் ஸ்கிரிப்ட்

பக்கத்தில் வைத்ததை யார் ஏற்றுவது? ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியைக் கண்ணால் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்டார்ட்நெட் என்ற கமாண்ட் ஃபைல் வின்பிஇ எழுந்ததும் தானாக ஓடும், அதில் டபிள்யூபிஇஇனிட் வரிக்குக் கீழே என் ஸ்கிரிப்ட்டை மாட்டினேன். பென்டிரைவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு வரிக்கு ஒரு ஐடியும் ஒரு ஃபோல்டர் பெயரும். ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த ஐடி இந்த மெஷினின் பிசிஐ கிளையில் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அந்த ஃபோல்டரில் இருக்கும் ஐஎன்எஃப்பை டிஆர்விலோட்டுக்குக் கொடுக்கும், இல்லையென்றால் அடுத்த வரி. யுஎஸ்பி லான் அடாப்டர் பிசிஐ பட்டியலில் வராது, அதை மட்டும் கையால் ஏற்றுகிறேன். கடைசியில் 0104 வகையில் டிரைவர் இல்லாமல் ஏதாவது நின்றால் அதன் ஐடியைத் திரையில் பெரிதாகக் காட்டும். எனக்கு ஸ்கிரிப்ட்டிலேயே பிடித்த பகுதி இந்தக் கடைசி வரிதான். முன்பு டிஸ்க் தெரியாதபோது வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போது எதைத் தேட வேண்டும் என்று மெஷினே சொல்கிறது.

ஏறாமல் போன டிரைவருக்குக் காரணம் வேண்டுமென்றால் எக்ஸ் டிரைவில் விண்டோஸ், ஐஎன்எஃப் ஃபோல்டருக்குள் செட்டப்ஏபிஐ டெவ் என்ற லாக் இருக்கும். எந்த ஐஎன்எஃப்பைப் பரிசீலித்தது, ஏன் தள்ளியது என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கும். பென்டிரைவுக்கு நகல் எடுக்காமல் அணைத்தால் அது ரேமோடு போய்விடும்.

முடிவில் உள்ளே போனது 9 ஐஎன்எஃப், பக்கத்தில் 22. பூட் டாட் விம் 2.3 ஜிபியிலிருந்து 410 எம்பிக்கு வந்தது. அதே லேப்டாப், அதே போர்ட், அதே பென்டிரைவ்: முன்பு பவர் பட்டனிலிருந்து கமாண்ட் திரைக்கு 4 நிமிடம் 10 நொடி, இப்போது 55 நொடி. கமாண்ட் திரை வந்தபோதே 476 ஜிபி டிஸ்க் தெரிந்தது. கிடைத்த ஏழு மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஆறில் டிஸ்க் வந்தது. ஏழாவது தனி ரெய்டு கார்டு போட்ட ஒர்க்ஸ்டேஷன். அதன் டிரைவரை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது இன்னொரு முறை என் கைக்கு வந்தால் அப்போது ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பை வாங்க வந்தவரிடம் ஃபைல்களைத் திறந்து காட்டினேன். அவர் போன பிறகு தம்பி கேட்டான்: "அடுத்த வருஷம் புது பிராசஸர் வந்தா மறுபடி முழுசா கட்டணுமாண்ணே?"

வேண்டாம் என்றேன், அதைச் சோதிக்கவும் போன வாரம் ஒரு மெஷின் வந்தது. டிஸ்க் வரவில்லை, திரையில் ஐடி வந்தது: ஏடி0பி. டெக்ஸ்ட் ஃபைலில் அப்படி ஒரு வரி இல்லை. தம்பியே அந்த ஐடியை வைத்து டிரைவரைத் தேடி எடுத்து, ஐஎன்எஃப்பைத் திறந்து ஏடி0பி இருக்கிறதா என்று பார்த்து, ஃபோல்டரில் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தான். மறுபடி பூட் செய்தபோது டிஸ்க் 1 வந்தது. பூட் டாட் விம்மைத் திறக்கவே இல்லை.